இழுப்பது வேறு, சுமப்பது வேறு: ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு டிரக் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் ஆர்வி, அதாவது வீடுபோல வசதியுள்ள பயண வண்டி, வாங்கக் கிளம்புகிற நம் ஆட்கள் முதலில் கேட்பது, "இந்த டிரக் எத்தனை பவுண்டு இழுக்கும்?" என்றுதான். விற்பவரும் 18,000, 20,000 என்று பெரிய எண்ணாகச் சொல்வார். பிடித்துப்போன டிரெய்லரோ 14,000 பவுண்டு. அப்புறம் என்ன, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முக்கால் டன் என்று சொல்லப்படும் ரகத்தில் ஒரு டீசல் டிரக்குக்கு முன்பணம்கூடக் கட்டிவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள், பல வருடமாக ஃபிஃப்த் வீல் இழுக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓட்டுநர் கதவைத் திறந்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தீர்களா?"

படிக்கவில்லை. மறுநாள் போய்ப் படித்தேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து 2,100 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருந்தது. 18,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லப்பட்ட அதே டிரக், தன் முதுகில் தாங்குவது 2,100 பவுண்டுதான். எங்கள் டிரெய்லரின் முன்பக்கம் மட்டுமே கிட்டத்தட்ட 2,900 பவுண்டு அழுத்தும். அந்த டிரக்கை நான் வாங்கவில்லை. ஃபிஃப்த் வீல் வாங்குகிற ஒவ்வொருவரும் இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போதும், மற்ற கணக்கெல்லாம் தானாக வந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபிஃப்த் வீல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சாதாரண டிரெய்லர் வண்டியின் பின்பம்பருக்குக் கீழே ஒரு குண்டில் மாட்டும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் அப்படியில்லை. அதன் முன்பகுதி உயர்ந்து நீண்டு, பிக்அப் டிரக்கின் பெட் எனப்படும் பின்பக்கத் தொட்டிக்கு மேலேயே வந்து உட்காரும். அடியில் கிங்பின் என்ற 2 அங்குல விட்டமுள்ள இரும்பு முளை தொங்கும். தொட்டிக்குள் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியின் தாடைகள் அந்த முளையைக் கவ்விக்கொள்ளும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளை எண்ணூர்ச் சாலையில் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருக்கிற தலையும் பின்னால் வருகிற டிரெய்லரும் சேர்கிற இடத்தில் இருப்பதும் இதே அமைப்புதான். பெயர் குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்தது. நாலு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கவைத்த இரும்பு வளையத்தை ஐந்தாவது சக்கரம் என்றார்கள். பின்னாளில் விமான முன்னோடி கிளென் கர்டிஸ் தன் ஏரோகார் டிரெய்லருக்குக் காற்றடைத்த டயர் ஒன்றையே படுக்கவைத்து இணைப்பாகப் பயன்படுத்தினார். அந்தப் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான செயல் இருக்க முடியாது.

டிரெய்லரின் எடை டிரக்கின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ, ஒரு சில அங்குலம் முன்னாலோ இறங்குகிறது. அதனால் வண்டி அலையாது. காற்றடித்தாலும், பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனாலும் ஆட்டம் குறைவு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பம்பரில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் வண்டியின்மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கும். கனமான பெரிய டிரெய்லர்களில் 20 சதவீதத்துக்குக் குறைவாக எதிர்பார்க்கவே கூடாது.

ஊரில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் மாடு கழுத்தொடியத் தாங்க வேண்டும். வண்டி இழுக்கிற பலம் ஒன்று, கழுத்தில் தாங்குகிற பலம் இன்னொன்று. கிங்பின் வழியாக டிரக்கின்மேல் இறங்குகிற எடையை ஆங்கிலத்தில் பின் வெயிட் (pin weight) என்கிறார்கள். நான் அதை முன்பாரம் என்றே சொல்கிறேன். அதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எண்களுக்கு வரலாம். டிரக்கின் கதவுச் சட்டத்தில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். டிரக்கும் அதன்மேல் இருக்கிற எல்லாமும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்ற உச்ச வரம்பு அது. டிரக்கின் சொந்த எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது பேலோடு, அதாவது சுமக்கும் திறன். ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனித்தனி வரம்பு. ஜி.சி.டபிள்யூ.ஆர். என்பது டிரக், டிரெய்லர் இரண்டும் சேர்ந்த மொத்த வரம்பு. டிரெய்லருக்கும் தனியாக ஒரு ஜி.வி.டபிள்யூ.ஆர். உண்டு. அதன் பக்கச் சுவரில், முன்புறம் ஒட்டியிருப்பார்கள்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருகிற இழுவைத் திறன் பொய்யில்லை. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரவிதிப்படி அதைச் சோதிக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறுகிற 68-ஆம் எண் சாலையின் நீண்ட மேட்டில், கடும் வெயிலில், ஏசி முழுதாக ஓட, பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரமுள்ள டிரக் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. இன்ஜின், கியர்பாக்ஸ், குளிரூட்டல் எல்லாவற்றையும் அது நன்றாகச் சோதிக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் டிரக்கில் உட்கார்ந்திருப்பது ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும், தலைக்கு 150 பவுண்டு. பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, கருவிப் பெட்டி இல்லை. நம் வண்டி அப்படியா கிளம்புகிறது?

என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 14,000 பவுண்டு. விற்பனைத் தாளில் முன்பாரம் 2,150 பவுண்டு என்று போட்டிருந்தார்கள். அது தொழிற்சாலையை விட்டு வெறுமையாக வந்தபோது எடுத்த எடை. பேட்டரி, நிரப்பிய எரிவாயு சிலிண்டர், முன்பக்கச் சேமிப்பறையில் நாம் அடைக்கிற நாற்காலி, குழாய், கயிறு எதுவும் அதில் இல்லை. 30 பவுண்டு எரிவாயு கொள்கிற ஒரு சிலிண்டர் நிரம்பினால், கலத்தின் எடையும் சேர்ந்து 55 பவுண்டு வரும். பெரும்பாலான மாடல்களில் படுக்கையறையும் துணி அலமாரியும் கிங்பினுக்கு மேலேயே இருக்கின்றன. சிலர் அந்த அலமாரிக்குள் துவைக்கும் இயந்திரத்தையும் வைக்கிறார்கள். நாம் ஏற்றுவதில் பெரும்பகுதி முன்னால்தான் போய்ச் சேர்கிறது. தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள், ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்கு மேல். அதனால் விற்பனைத் தாளின் முன்பாரத்தை நம்பாமல், டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர்.-ஐ எடுத்து அதில் 20 முதல் 22 சதவீதம் போட்டுப் பார்ப்பதே சரி. எனக்கு 2,900 வந்தது.

அத்துடன் ஹிட்ச்சின் எடை 180. நாங்கள் நாலு பேர் 620. கருவிகள், கட்டைகள், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் 150. மொத்தம் 3,850 பவுண்டு. ஸ்டிக்கரில் இருந்தது 2,100. முக்கால் டன்னுக்கும் அதிகமான எடை கூடுதல். டிரக் இழுத்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. பின் ஆக்சிலும் டயரும் ஸ்பிரிங்கும்தான் ஒவ்வொரு மைலும் தாங்கியிருக்க வேண்டும்.

இந்த டன் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1500, எஃப்-150 போன்றவற்றை அரை டன் என்றும், 2500, எஃப்-250 ஆகியவற்றை முக்கால் டன் என்றும், 3500, எஃப்-350 ஆகியவற்றை ஒரு டன் என்றும் சொல்வது பழைய காலத்து வழக்கம். இன்றைய சுமக்கும் திறனுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அரை டன் டிரக்கில் கனமான ஃபிஃப்த் வீலை நினைக்கவே வேண்டாம். முக்கால் டன்னில்தான் குழப்பம். இவற்றில் பல 10,000 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர்.-இல் நிறுத்தப்படுகின்றன, ஏனென்றால் அமெரிக்க வகைப்பாட்டில் 2பி வகுப்பு அந்த எடையோடு முடிகிறது. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிட நல்ல கனம். அந்தக் கனம் முழுவதும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. வரம்பு அதே 10,000, டிரக்கோ கனத்துவிட்டது, மிஞ்சுவது குறைந்துவிட்டது. அதனால்தான் இழுவைத் திறன் கூடிய டீசல் முக்கால் டன், அதே டிரக்கின் பெட்ரோல் வகையைவிடக் குறைவாகச் சுமக்கிற வினோதம் நடக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 10,000 பவுண்டைத் தாண்டிய டிரக்குகளுக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. ஸ்டிக்கர் இல்லை என்றால் வரம்பும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. டீசல் நிரப்பி டிரக்கை எடை போட்டு, ஜி.வி.டபிள்யூ.ஆர்.-இலிருந்து நீங்களே கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிரக்கின் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக், அதாவது காற்றுப்பை, போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். இதை நான் அழுத்தியே சொல்ல வேண்டும்: சரியாகாது. காற்றுப்பையும் துணை ஸ்பிரிங்கும் டிரக்கின் பின்பக்கம் தாழாமல் பார்த்துக்கொள்ளும், பார்க்க நேராக இருக்கும். ஆனால் ஆக்சிலும் சக்கரமும் டயரும் பிரேக்கும் பழையவைதான். ஒரு டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,640 பவுண்டு தாங்கும் என்றால், ஏர்பேக் போட்ட பிறகும் 3,640தான் தாங்கும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஒரு டன் டிரக், பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம். ஜி.வி.டபிள்யூ.ஆர். 12,300, பின் ஆக்சில் வரம்பு 7,000. கணக்குப் போட்டது போதாது என்று, முதல் பயணத்திலேயே சாமான்கள் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கேட் ஸ்கேல் எடை மேடைக்குப் போனேன். நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்களில் மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய பலகை வைத்திருப்பார்கள். லாரிக்காரர்களுக்கான மேடை அது. ஆர்வியோடு போனாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டிரக்கின் முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவது தட்டில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். சீட்டில் மூன்று எண் தனித்தனியாக வரும். எனக்கு வந்தவை 5,020, 6,560, 10,480. அப்புறம் டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு, அதே ஆட்களோடு டிரக்கை மட்டும் மறுபடி ஏற்றினேன். முன்னால் 4,980, பின்னால் 3,720.

இந்த இரண்டு சீட்டும் கையில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். டிரெய்லரோடு டிரக்கின் எடை 11,580, இல்லாமல் 8,700. வித்தியாசம் 2,880. அதுதான் உண்மையான முன்பாரம். டிரெய்லரின் மொத்த எடை 10,480-உடன் 2,880 சேர்த்து 13,360. முன்பாரம் ஏறத்தாழ 21.6 சதவீதம். முன் சக்கரத்தில் வெறும் 40 பவுண்டு ஏறியிருக்கிறது, மீதி 2,840-உம் பின் ஆக்சிலின் தலையில். அந்த ஆக்சிலுக்கு இன்னும் 440 பவுண்டுதான் மிச்சம். வரம்புக்குள் இருக்கிறோம், ஆனால் ஒரு ஜெனரேட்டரைத் தூக்கி டிரக்கில் வைத்தால் அந்த மிச்சத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். அந்தச் சீட்டுகளை இன்னும் கையுறைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இதைவிடக் கனமான, 16,000 பவுண்டைத் தாண்டுகிற டிரெய்லர் என்றால் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரமாக நாலு சக்கரம் உள்ள டூயலிதான் நல்லது. சுமப்பதும் கூடும், ஒரு டயர் வெடித்தாலும் வண்டி எளிதில் நிதானம் இழக்காது. பின்பக்கம் எட்டடி அகலம் என்பதால் கடை வாசலில் நிறுத்துவதும் கார் வாஷில் நுழைவதும் சிரமம். வருடத்துக்கு இரண்டு முறை இழுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் அதிலேயே அலுவலகம் போகிறவர்கள், டிரக்கைப் பெரிதாக்குவதைவிட டிரெய்லரைச் சிறிதாக்குவதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது ஹிட்ச். இதற்கும் இரண்டு எண் உண்டு, இழுக்கும் வரம்பு ஒன்று, முன்பாரம் தாங்கும் வரம்பு ஒன்று. 20,000 பவுண்டு ஹிட்ச் என்றால் முன்பாரம் 5,000 போல இருக்கும். இரண்டுமே உங்கள் டிரெய்லரைத் தாண்டியிருக்க வேண்டும். பொருத்தும் விதம் டிரக்கைப் பொறுத்தது. பழைய வழி, தொட்டித் தரையில் இரண்டு தண்டவாளம் போலப் போட்டு அதன்மேல் ஹிட்ச்சை நிறுத்துவது. இப்போதைய ஒரு டன் டிரக்குகளில் தொழிற்சாலையிலேயே தரையில் நாலு குழியும் நடுவில் கூஸ்நெக் (தொட்டியின் நடுவே குண்டில் மாட்டும் வேறு வகை டிரெய்லர்) குண்டுக்கான துளையும் வைத்துக் கொடுப்பார்கள். ஹிட்ச்சின் கால்களை அந்தக் குழிகளில் இறக்கித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், வேண்டாதபோது எடுத்துவிடலாம், தரை காலியாகிவிடும். டிரக் வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஹிட்ச் எந்த வகையானாலும் அதன் பிடி டிரக்கின் சட்டத்தில் இருக்க வேண்டும், தொட்டித் தகட்டில் இருக்கக் கூடாது. கிங்பினுக்குப் பதில் கூஸ்நெக் குண்டில் மாட்டும் நீண்ட அடாப்டர்களும் விற்கிறார்கள். அவை டிரெய்லரின் முன்சட்டத்தில் நெம்புகோல் போல வேலை செய்து கூடுதல் அழுத்தம் கொடுக்கும். டிரெய்லர் தயாரித்தவரின் உத்தரவாதத்தைப் படிக்காமல் அதை வாங்க வேண்டாம்.

தொட்டியின் நீளம் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டிரெய்லரின் அகலம் எட்டரை அடி, அதாவது 102 அங்குலம். அதில் பாதி 51. நீங்கள் தொண்ணூறு பாகைக்கு மடக்கித் திருப்பும்போது, டிரெய்லரின் பக்கச் சுவர் கிங்பினிலிருந்து 51 அங்குலம் முன்னால், உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடியை நோக்கி வரும். எட்டடித் தொட்டியுள்ள டிரக்கில் கேபினின் முதுகுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே ஏறத்தாழ 56 அங்குலம் இருக்கும். தப்பித்துக்கொள்ளலாம். குறுகிய தொட்டியில் அது 40 அங்குலம் போலத்தான். ஆக, கண்ணாடி உடையும். இதற்குத்தான் ஸ்லைடர் ஹிட்ச் வந்தது. மெதுவாக மடக்கித் திருப்ப வேண்டிய இடத்தில் ஹிட்ச் பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கும். சிலவற்றை இறங்கி நெம்புகோலை இழுத்து நகர்த்த வேண்டும், சில வகைகள் திரும்பும்போது தானாக நகரும். நாலு பேர் குடும்பத்தோடு போகிறவர்கள் குறுகிய தொட்டியில் தானியங்கி ஸ்லைடர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது கனமானது, அந்தக் கனமும் பேலோடு கணக்கில்தான் சேரும். புதிய டிரெய்லர்களின் முன் மூலைகளைச் செதுக்கி வளைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் இடம் கிடைக்கும். எதுவானாலும் வெறும் மைதானத்தில், வெளியே ஒருவரை நிறுத்திவைத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பார்த்த பிறகே சாலைக்குப் போங்கள்.

உயரமும் பார்க்க வேண்டும். டிரக்கின் தொட்டி விளிம்புக்கும் அதற்கு மேல் வருகிற டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே ஆறு அங்குலமாவது வேண்டும். மேடு பள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் சாயும்போது அந்த இடைவெளி நொடியில் மூடிவிடும். அதற்காக ஹிட்ச்சை ஏற்றிக்கொண்டே போனால் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், எடை முழுவதும் அதன் பின் ஆக்சிலில் சாயும், அந்த டயர்கள் சூடேறும். இப்போதைய நாலு சக்கர இழுவை டிரக்குகள் உயரமாக வருவதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. கிங்பின் பொருத்தியிருக்கிற பெட்டியை ஒரு துளை மேலோ கீழோ மாற்றிப் பார்க்கலாம்.

ஓட்டுநர் உரிமத்தை மறக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஃபிஃப்த் வீலின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரண சி வகுப்பு உரிமத்தில் தனி அனுமதி வேண்டும். 15,000-ஐத் தாண்டினால் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமமே வேண்டும். டெக்சஸில் கூட்டு எடை வரம்பு 26,000-ஐத் தாண்டினால் ஏ வகுப்பு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

டிரக்கும் ஹிட்ச்சும் சரியாக அமைந்த பிறகும், மாட்டுகிற ஐந்து நிமிடத்தில் எல்லாம் கெட்டுப்போகலாம். இரண்டாவது வருடம் ஒரு மழை நாளில் அவசரமாக மாட்டினேன். கிளிக் என்று சத்தம் கேட்டது, கைப்பிடி உள்ளே போனது. ஆனால் டிரெய்லர் ஒரு அங்குலம் உயரமாக நின்றிருந்ததால் கிங்பினின் கழுத்து தாடைக்குள் உட்காரவில்லை, தாடை அதன் அடிவிளிம்பை மட்டும் பிடித்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அப்படியே கிளம்பியிருந்தால் முதல் திருப்பத்தில் ஆறு டன் டிரெய்லர், டிரக்கின் தொட்டி விளிம்பில் விழுந்திருக்கும். என்னைக் காப்பாற்றியது இழுத்துப் பார்க்கும் சோதனை.

அதைச் செய்வது எளிது. டிரெய்லரின் முன்கால்கள் தரையில் ஊன்றியே இருக்கட்டும், சக்கரத்துக்கு வைத்த கட்டைகளையும் எடுக்க வேண்டாம். ஏழு முள் மின்இணைப்பை மாட்டி, இணைப்பு அறுந்தால் பிரேக் போடுகிற கம்பியையும் கோத்துவிடுங்கள். கீழே குனிந்து டார்ச் அடித்து, டிரெய்லரின் தட்டு ஹிட்ச்சின் தட்டோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கிறதா, தாடை கிங்பினுக்குப் பின்னால் முழுதாக மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு டிரக்கில் ஏறி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரைப் போட்டு மெல்ல முன்னால் இழுங்கள். டிரக் திமிறி நின்றுவிட்டால் பிடி சரி. அன்றைக்கு எனக்கு டிரக் அப்படியே முன்னால் நழுவியது, டிரெய்லர் தன் கால்களில் அசையாமல் நின்றது. இறங்கி, முன்கால்களைச் சுருக்கி டிரெய்லரை ஒரு அங்குலம் தாழ்த்தி, மறுபடி பின்னால் வந்து மாட்டினேன். இரண்டாம் முறை இழுத்தபோது டிரக் நின்றது. அதற்குப் பிறகுதான் கால்களை மேலே ஏற்றினேன்.